1966 மஸ்டாங்: முதலில் பிரேக், கடைசியில் எஞ்சின்

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே. 289 கன அங்குல வி8 (4.7 லிட்டர்), மூன்று கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக மாற்றும் பாகம்), பின் அச்சு விகிதம் 3.00. அடித்தகட்டில் துரு அதிகமில்லை. எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, அதனால் எஞ்சினைப் பிரிக்கவில்லை.

இப்படி ஒரு வண்டி கிடைத்தால் பெரும்பாலானோர் முதலில் கார்புரேட்டரிலும் கேம்ஷாஃப்ட்டிலும்தான் கை வைக்கிறார்கள். அங்கேயே வேலை தடம் மாறிவிடுகிறது. அமெரிக்க வேகக் கார்கள் இந்த அறுபது ஆண்டில் எவ்வளவு முன்னேறின என்று பேசும்போது குதிரைத்திறனைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். 1966இல் 289இன் மிக வலுவான வகைக்கு 271, 2024 மஸ்டாங் ஜிடிக்கு 480. அந்த 271கூட ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாமல் மேடையில் வைத்து அளந்த மொத்தக் கணக்கு. 1972 மாடல்களிலிருந்துதான் எல்லாவற்றையும் மாட்டி அளந்த நிகரக் கணக்கு வந்தது. ஆக, உண்மை வித்தியாசம் எண்ணில் தெரிவதைவிடப் பெரியது. ஆனால் பழைய மஸ்டாங்கையும் புதியதையும் அடுத்தடுத்து ஓட்டினால் முதலில் உறைப்பது திறன் அல்ல. பழையது நேராக நிற்க மறுக்கிறது, வளைவில் முன்சக்கரம் வெளியே சாய்கிறது. ஃபோர்டு பிற்பாடு திருத்திக்கொண்டவற்றைப் பழைய வண்டியில் இந்த வரிசையில் ஏற்றுவதுதான் இந்த வேலை: நிறுத்துவது, திருப்புவது, கியர், அதன்பிறகு எஞ்சின்.

பிரேக்

பணம் ஒரு வேலைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள், மற்றது காத்திருக்கட்டும். ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் சேர்ந்து போய்விடும். 1967 மாடலில் ஃபோர்டு இரட்டை அறைக்கு மாறியது. முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை. ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும்.

டிரம்மின் குறை வேறு. இந்த வகை டிரம்மில் ஒரு ஷூ (டிரம்மின் உள்சுவரில் உராயும் வளைந்த கட்டை) சுழற்சியில் இழுபட்டு அடுத்த ஷூவைத் தள்ளுகிறது. மிதிக்கும் விசை தானாகவே பெருகும், அதனால் பூஸ்டர் (மிதிவிசையைக் கூட்டும் கருவி) இல்லாமலே சமாளிக்க முடிந்தது. ஆனால் லைனிங்கின் உராய்வில் வரும் சின்ன மாற்றமும் அதேபோலப் பெருகிவிடும். ஒரு பக்க லைனிங்கில் ஈரம் பட்டிருந்தால் வண்டி மறுபக்கம் இழுக்கும். மலையிறக்கத்தில் டிரம் சூடேறி விரியும்போது ஷூவிலிருந்து விலகுகிறது, பெடல் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். டிஸ்க்கில் இந்தத் தற்பெருக்கம் கிடையாது. ரோட்டார் (சக்கரத்தோடு சுழலும் வட்டத்தட்டு) சூட்டில் விரிந்தால் அதைப் பிடிக்கும் பேடை நோக்கித்தான் விரியும்.

முன்பக்கத்துக்கு எடுத்தது அந்தக் காலத்தில் ஃபோர்டே விருப்பத் தேர்வாகக் கொடுத்த கெல்சி-ஹேய்ஸ் நிறுவன டிஸ்க் பிரேக் மாதிரி: நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடை ரோட்டார் மேல் அழுத்தும் பாகம்), 11.3 அங்குல ரோட்டார். அதோடு காலிப்பர் பிராக்கெட், உள், வெளி பேரிங், கிரீஸ் சீல், புது ஹோஸ், 1 அங்குலத் துளையுள்ள இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், நீளம் சரிசெய்யக்கூடிய புஷ்ராடு, பின்வரிக்கு (பின்சக்கரங்களுக்குப் போகும் எண்ணெய்க் குழாய்க்கு) அழுத்தம் குறைக்கும் திருகு வால்வு, 3/16 அங்குலக் குழாய், அதற்கு 3/8-24 மரையுள்ள நட்டுகள். வாங்குவதற்கு முன் சக்கரத்தை அளந்துகொள்ளுங்கள். டிரம் வண்டியோடு வந்த 14 அங்குல இரும்புச் சக்கரம் இந்தக் காலிப்பரில் உரசும். 15 அங்குலத்துக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லை. இந்த வண்டிக்கு 205/65 ஆர்15 ரேடியல் போட்டாயிற்று.

மாஸ்டர் சிலிண்டர் துளையில் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். துளை பெரிதானால் பெடல் லேசாகாது, கனக்கும். பூஸ்டர் இல்லாத வண்டியில் 1 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. 15/16 போட்டால் கால் இலகுவாக இறங்கும், ஆனால் மிதிதூரம் கூடும்.

பழைய அமைப்பில் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். அங்கிருந்துதான் இரு முன்சக்கரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் வரி பிரிகிறது. பின்வரியை அதிலிருந்து கழற்றி, அந்த வாயை அடைப்புத் திருகால் மூடி, பின்வரியைத் திருகு வால்வு வழியாக நேரே மாஸ்டர் சிலிண்டரில் பின்சக்கரங்களுக்கான அறைக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய் முனையை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும், நாளாக ஆக அதிர்வில் விரிசல் விடும். மடிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோத்தாயிற்றா என்று பாருங்கள். அனுபவசாலிகள் கையிலும் தவறுவது இது.

முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் என்று குறித்து விற்கும் மாஸ்டர் சிலிண்டரையே கேட்டு வாங்குங்கள். டிரம்முக்கென்றே செய்ததில் வாயின் உள்ளே 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறு வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அது நல்லது. டிஸ்க்கில் அந்த 10 பிஎஸ்ஐ பேடை ரோட்டார் மேலேயே அழுத்தி வைத்திருக்கும். சில கிலோமீட்டரில் புகைவாசம் வரும், ரோட்டார் நீலம் பாரிக்கும், காரணம் தெரியாமல் காலிப்பரை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதே அறிகுறி புஷ்ராடாலும் வரும். பெடல் முழுக்க மேலே இருக்கும்போது ராடின் முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி வேண்டும். ராடு பிஸ்டனைத் துளிகூட அழுத்திக்கொண்டிருந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறுதுளை மூடிக்கொள்ளும். சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். எது காரணம் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பிரேக் பிடித்திருக்கும் நிலையில் மாஸ்டர் சிலிண்டரின் இரு நட்டையும் சற்றே தளர்த்தி அதை முன்னால் நகர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் ராடு நீளம். விடாமல், முன்வரி நட்டைத் தளர்த்தியதும் விட்டால் வால்வு.

வீல் பேரிங்கை இறுக்குவதில் அவசரம் வேண்டாம். ரோட்டாரைச் சுற்றிக்கொண்டே 23 முதல் 34 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, அரைச்சுற்று தளர்த்தி, பிறகு விரலால் இறுக்குகிற அளவு, அதாவது 1.1 முதல் 1.7 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்கி, பூட்டுத் தொப்பி வைத்துக் காட்டர் பின் போடுங்கள். டயல் கேஜ் வைத்து ரோட்டாரின் ஆட்டம் 0.08 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று எடுக்கும்போது வலப் பின், இடப் பின், வலமுன், இடமுன் என்ற வரிசை. அதற்கு முன்பே மாஸ்டர் சிலிண்டரை வைஸில் பிடித்து, இரு வாயிலிருந்தும் குழாய் வளைத்துத் தொட்டிக்குள்ளேயே விட்டு, குமிழி நிற்கும்வரை அழுத்தி எடுங்கள். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சுபோல இருந்தால் காலிப்பரைப் பாருங்கள். காற்று விடும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். வலம் இடம் மாற்றி மாட்டினாலும் காலிப்பர் உட்காரும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தேங்கிய காற்று வெளியே வரவே வராது. பெடல் பஞ்சாக இல்லாமல் தாழ்வாக மட்டும் இருந்தால் அது காற்று அல்ல. பின் டிரம்மில் நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி ஷூ லேசாக உரசும்வரை கொண்டுவாருங்கள், பெடல் மேலே வந்துவிடும்.

கடைசியாகத் திருகு வால்வு. பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. பின்னால் இருப்பதோ தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் டிரம். விட்டுவைத்தால் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும். ஆளில்லாத அகன்ற இடத்தில், காய்ந்த தரையில், 50 கி.மீ. வேகத்தில் அடித்துப் பார்த்து, முன்சக்கரம் ஒரு கணம் முன்னதாகப் பூட்டும்வரை பின்வரி அழுத்தத்தைக் குறையுங்கள். பிறகு அதே சோதனையைத் தரை நனைந்திருக்கும்போதும் செய்யுங்கள். இன்று ஏபிஎஸ் நொடிக்குப் பலமுறை தானே செய்யும் வேலை இது. இங்கே ஒரு திருகு, ஒரே ஒரு சமரசம்.

மேல் ஆர்மை ஓர் அங்குலம் இறக்குவது

இத்தனை குறைந்த செலவில் இத்தனை பெரிய மாற்றம் தரும் வேலை இந்த வண்டியில் வேறு கிடையாது. செலவு ஒரு டிரில் பிட், துளை போடும் இடத்தைக் காட்டும் ஒரு தகட்டு அச்சு, ஒரு நாள்.

தொழிற்சாலை வடிவத்தில் முன் மேல் ஆர்ம் (முன்சக்கரத்தை மேல்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) பொருந்தும் இடம் மிக உயரம். வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரத்தின் தலை வெளியே சாய்கிறது, டயரின் வெளிவிளிம்பு மட்டும்தான் தரையைப் பிடிக்கிறது. ஃபோர்டு பொறியாளர் கிளவுஸ் ஆர்னிங் கணக்கிட்ட திருத்தம் எளிமையானது: மேல் ஆர்மின் துளைகளை ஓர் அங்குலம் கீழே கொண்டுவருவது. மஸ்டாங்கின் பந்தய வகையான 1965 ஷெல்பி ஜிடி350இல் அது வந்தது, அதனால் ஷெல்பி இறக்கம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இறக்கிய பிறகு சக்கரம் மேலே ஏறும்போது தலை உள்ளே சாய்கிறது, டயர் தட்டையாகத் தரையில் படிகிறது.

இதில் ஆபத்து ஸ்பிரிங்தான். மஸ்டாங்கில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மேல் உட்கார்ந்து ஷாக் டவருக்குள் (எஞ்சின் அறையின் இருபுறமும் உள்ள தகட்டுக் கோபுரம்) நிற்கிறது. இந்த வண்டிக்கென்றே செய்த, உள்ளே நுழைக்கும் கம்ப்ரஸர்தான் வேண்டும். வெளியே மாட்டும் இரு கொக்கிகளுக்கு அங்கே இடமில்லை. முதலில் சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு வைத்து வண்டியை நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரம், ஷாக் அப்சார்பர் கழற்றி, மேலிருந்து கம்ப்ரஸரை விட்டு ஸ்பிரிங்கைச் சுருக்குங்கள். மேல் பால் ஜாயின்ட் நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்து, ஸ்பிண்டில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) காதின் இருபுறமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் கூம்பு விட்டுக்கொடுக்கும். கவட்டைக் கருவியை அடித்து இறக்கினால் ரப்பர் உறை கிழிந்துவிடும்.

ஆர்மின் இரு நட்டும் எஞ்சின் அறைப் பக்கம் இருக்கின்றன. ஆர்ம் வெளியே வரும்போது தண்டுக்கும் டவர் சுவருக்கும் நடுவிலிருந்து ஷிம் தகடுகள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) விழும். எந்தப் போல்ட்டில் எத்தனை என்று அங்கேயே எழுதி, நான்கு தனிப் பைகளில் போடுங்கள்.

துளை போடும் முன் டவரைக் கம்பித் தூரிகையால் துடைத்து விளக்கு அடித்துப் பாருங்கள். பழைய துளைகளைச் சுற்றி விரிசல் இந்த வண்டிகளில் சாதாரணம். இந்த வண்டியில் வலப்பக்கம் பின்துளையிலிருந்து ஒரு மயிரிழை ஓடியிருந்தது. விரிசலின் முனையில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, வெல்டு வைத்துத் தேய்த்த பிறகுதான் அடுத்த கட்டம். விரிசலை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுத்துளை போட்டால் இரண்டும் சேர்ந்து தகடு பிய்ந்துவிடும்.

தகட்டு அச்சைப் பழைய இரு துளைகளில் போல்ட் போட்டு இறுக்குங்கள். புது மையம் 1 அங்குலம் கீழே, 1/8 அங்குலம் பின்னே. சக்கரப் பக்கத்திலிருந்து முதலில் 1/8 அங்குலத் துளை, பிறகு படிப்படியாக 17/32 வரை. அங்கே தகடு இரட்டை அடுக்கு. பிட் முதல் அடுக்கைத் தாண்டியதும் வழுக்கும், அதனால் வேகம் குறைத்து, எண்ணெய் விட்டு அழுத்துங்கள். பிசிறை அரத்தால் எடுத்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் பிரைமர் அடியுங்கள். மூக்கு சுமார் 16 மி.மீ. தாழும். ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்க ஆசைப்பட்டால் பால் ஜாயின்ட் கோணம் எல்லையைத் தொட்டுவிடும், அதற்கு ஆப்புத் தகடு வைக்க வேண்டும். சாலை வண்டிக்கு அது தேவையில்லை.

கூடவே முன் சாய்வுத் தடுப்புக் கம்பியையும் மாற்றியாயிற்று, 1 அங்குலக் கம்பி. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 11/16 அங்குலக் கம்பியை எடுத்துவிட்டு 1 அங்குலம் போட்டால் நாலரை மடங்கு. இரு டவரையும் ஃபயர்வாலோடு கட்டும் ஒற்றைத்துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸும் போட்டாயிற்று. அறுபதாண்டு எடையில் டவர்கள் உள்ளே சாய்ந்திருப்பதால் துளைகள் சில மி.மீ. பொருந்தாது. துளையை அரத்தால் நீட்டாதீர்கள், அப்படிச் செய்தால் பிரேஸ் எதையும் தாங்காது. மரைக்கம்பியை இரு டவருக்கும் குறுக்கே வைத்துத் திருகி வெளியே தள்ளினால் போல்ட் தானாக இறங்கும்.

அலைன்மென்ட் கடைக்கு 1966இன் கையேட்டு எண்களைக் கொடுக்காதீர்கள், அவை ரேடியலுக்கு முந்தைய, அந்தக்கால பயஸ் டயருக்கானவை. ரேடியலுக்குக் கேம்பர் (சக்கரத் தலையின் உள், வெளிச் சாய்வு) மைனஸ் 0.5 முதல் 1 டிகிரி, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன், பின் சாய்வு) பிளஸ் 2 முதல் 3, டோ-இன் (இரு சக்கரங்களும் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 1/8 அங்குலம். 1967 முதல் கீழ் ஆர்மில் முட்டைவடிவப் போல்ட் வந்துவிட்டது, திருகினால் கேம்பர் மாறும். 1966இல் எல்லாமே ஷிம்தான். இரு போல்ட்டிலும் சமமாகக் கூட்டினால் கேம்பர் பிளஸ் பக்கம் போகும். முன்போல்ட்டில் மட்டும் கூட்டினால் ஆர்மின் முனை பின்னே நகர்ந்து காஸ்டர் ஏறும். இப்போதைய கடைகளில் ஷிம் வேலை தெரிந்தவர்கள் குறைவு, ஒரு பை ஷிம்மை நீங்களே கொண்டுபோங்கள்.

ஐந்தாவது கியர்

பழைய மூன்று கியர் பெட்டிக்குப் பதிலாக எடுத்தது 1985 முதல் 1993 வரை 5.0 (5 லிட்டர் வி8) மஸ்டாங்கில் வந்த டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி. 1990க்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது. அது தாங்கும் முறுக்குவிசை 300 பவுண்டு-அடி, முந்தையது 265. வால்பகுதிப் போல்ட்டில் 1352 என்று தொடங்கும் சிறு தகடு தொங்கும், அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான்கு சிலிண்டர் மஸ்டாங்கின் டி-5 வெளியே பார்க்க இதேதான், ஆனால் முதல் கியர் 3.35க்குப் பதில் 3.97.

கியர் பாக்ஸைவிட ஃப்ளைவீலில்தான் (கிராங்க்கின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரம்) பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 5.0 எஞ்சினின் கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும், போல்ட்டும் பொருந்தும். ஆனால் 289இன் கிராங்க் 28 அவுன்ஸ்-அங்குல எதிரெடைக்குச் சமன் செய்தது. 1980களின் 5.0க்கு அது 50. மாற்றிப் போட்டால் எஞ்சின் ஓடும், வேகம் ஏற ஏற நடுங்கும், மெயின் பேரிங் தேயும். 28 எதிரெடையில் 157 பல் ஃப்ளைவீல் தனியாகக் கேட்டு வாங்குங்கள். எஞ்சினின் முன்னே இருக்கும் டேம்பரும் (அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) 28ஆகவே இருக்க வேண்டும்.

பெல் ஹவுசிங்கை (எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உள்ள கூடு) மாட்டியதும், கியர் பாக்ஸ் ஏற்றும் முன், கிராங்க்கில் டயல் கேஜ் வைத்து நடுத்துளையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மொத்த ஆட்டம் 0.25 மி.மீ.க்கு மேல் போனால் மையம் விலகிய டவல் பின் போட்டுத் திருத்த வேண்டும். இதை விட்டவர்களுக்குத்தான் கியர் உறுமலும், மூன்றாம் கியர் தானே நழுவுவதும் வரும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நுகம் உள்ளே முழுக்கத் தள்ளிய நிலையிலிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். உள்ளே 90 எண் கியர் ஆயில் ஊற்றாதீர்கள். பிந்தைய டி-5க்கு ஆட்டோமேடிக் கியர் எண்ணெய்தான், நிரப்புத் துளையில் வழியும்வரை.

பின் அச்சு 3.00ஆக இருக்க, ஐந்தாம் கியரின் 0.68 சேர்ந்தால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 1,900க்கும் கீழே முனகும். அதனால் 3.50 போட்டாயிற்று. 25.5 அங்குல டயரில் அதே வேகத்துக்கு நான்காவதில் சுமார் 3,230, ஐந்தாவதில் 2,195. நெடுஞ்சாலையில் பேச்சு கேட்கிறது. முதல் கியர் இழுப்பும் கூடுகிறது.

எஞ்சின்

இங்கே வேலை குறைவு. பாயின்ட்டை (ஸ்பார்க் நேரத்தைத் தரும், திறந்து மூடும் தொடுமுனை) எடுத்துவிட்டுக் காந்த உணரி வைத்தாயிற்று, ஃபோர்டு 1970களின் நடுவில் செய்தது. பாயின்ட்டின் உராயும் நைலான் கட்டை தேயத் தேய 0.017 அங்குல இடைவெளி குறுகும், டைமிங் பின்னே போகும். உணரிக்கு அந்தத் தேய்மானம் இல்லை. கவனிக்க வேண்டியது இளஞ்சிவப்பு கம்பி. ஃபோர்டு வயரிங்கில் அது மின்தடைக் கம்பி, காயிலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. உணரியின் சிவப்பு வயரை அதில் சேர்த்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாது, சூட்டில் விட்டு விட்டு ஓடும். இக்னிஷன் சுவிட்ச் பக்கத்திலிருந்து முழு 12 வோல்ட் எடுங்கள், காயிலின் முதன்மைச் சுருள் 1.5 ஓமுக்குக் குறையாமல் இருக்கட்டும். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் விட்டால் உணரி கருகிவிடும். வாக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்து, 3,000 சுற்றில் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் ஸ்பார்க் விழும் அளவு) 34 முதல் 36 டிகிரி இருக்கட்டும்.

கேம்ஷாஃப்ட் மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய தட்டை டாப்பெட்டுக்கு (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) துத்தநாகம் குறையாத எண்ணெய் வேண்டும், இல்லாவிட்டால் கேம் மேடு தேய்ந்து உலோகப்பொடி எஞ்சின் முழுக்கச் சுற்றும். 1985இல் 5.0க்கு ரோலர் டாப்பெட் வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் அந்தக் கேமை 289இல் அப்படியே போட முடியாது, டாப்பெட் துளைகள் குட்டை. 5.0 எச்ஓ (அதிகத் திறன் வகை) வரிசையில் அரைத்த கேம் போட்டால் எரியும் வரிசையும் மாறும்: 1-5-4-2-6-3-7-8 என்பது 1-3-7-2-6-5-4-8 ஆகும். வயர்களைப் பழைய வரிசையிலேயே விட்டால் கார்புரேட்டர் வழியாக நெருப்பு கக்கும்.

800 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டியவை: மேல் ஆர்ம் நட்டுகள் (பெயின்ட் நசுங்கி இறங்குவதால் இவை கட்டாயம் கொஞ்சம் தளரும்), பிரேக் குழாயின் ஒவ்வொரு நட்டிலும் ஈரம், வெல்டு வைத்த டவர், பெல் ஹவுசிங் போல்ட். முன்டயரின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால் முதலில் டோ அளவைப் பாருங்கள், கேம்பரை அல்ல. நட்டை இறுக்கியதில் ஷிம் நகர்ந்திருக்கலாம், எண்ணிக்கை எழுதிய சீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.